உப்புப் பகுப்பாய்வு: தொகுதி பிரித்தலா, நேரடிச் சோதனையா?

அக்கா வீட்டில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பெரியவள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, சின்னவன் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. "மாமா, சால்ட் அனாலிசிஸ்ல எந்த வழியில போனா தப்பில்லாம சீக்கிரம் முடிக்கலாம்?" தெரியாத உப்பு ஒன்றைக் கொடுத்து, அதில் என்ன அயனிகள் (மின்சுமை கொண்ட துகள்கள்) இருக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் செய்முறைதான் சால்ட் அனாலிசிஸ். நான் சில வருஷம் கல்லூரி ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு எடுத்தவன் என்பதால் வந்த கேள்வி. இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு, அதனால் வீட்டில் ஒரு சின்ன சண்டையும் நடந்தது. அவளுக்கு ஏன் நீளமான வழி, இவனுக்கு ஏன் குறுக்கு வழி என்று விளக்கத் தொடங்கி, அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

கையில் உள்ள கரைசலில் எந்த அயனி இருக்கிறது என்று வீழ்படிவை (கரைசலிலிருந்து பிரிந்து விழும் திடப்பொருளை) வைத்துக் கண்டுபிடிக்க நடைமுறையில் இரண்டு பெரிய வழிகள். ஒன்று, நேரடி வழி: சோடியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியா, சில்வர் நைட்ரேட், பேரியம் குளோரைடு என்று நாலைந்து வினைபொருள்களைத் தனித்தனிக் குழாயில் சொட்டிப் பார்த்து, நிறத்தையும் கரைவதையும் வைத்து முடிவு செய்வது. இன்னொன்று, தொகுதி பிரித்தல்: ஒரே கரைசலில் வரிசையாக வினைபொருள்களைச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டமாக அயனிகளை வீழ்படிய வைத்து, வடிகட்டி, வடிநீரை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போவது. இந்த இரண்டாவதை ஒழுங்குபடுத்தி மாணவர் கையில் கொடுத்தவர் ஜெர்மானியரான ஃப்ரெசீனியஸ், 1841இல். கிட்டத்தட்ட 185 வருஷம் ஆகியும் நம் கல்லூரிச் செய்முறை நோட்டுகளில் அதே எலும்புக்கூடுதான் இருக்கிறது.

எந்த வழியானாலும் ஒன்று பொது. வீழ்படிவு வந்துவிட்டது என்பது பாதிச் செய்திகூட இல்லை. அது எதில் கரைகிறது, எதில் கரையாமல் நிற்கிறது என்பதுதான் செய்தி. வெள்ளையாக ஏதோ வந்தது என்று எழுதினால் அதற்குள் பத்து அயனிகள் ஒளிந்துகொள்ளலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேரடி வழி

சின்னவனுக்கு நான் சொன்னது இதுதான். அவனுக்குத் தேர்வில் வருவது ஒரே ஒரு உப்பு, அதில் ஒரு நேரயனி (நேர்மின்சுமை கொண்டது), ஒரு எதிரயனி (எதிர்மின்சுமை கொண்டது). பாடத்திட்டத்திலேயே கரையாத உப்புகளை விலக்கி வைத்திருக்கிறார்கள். செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் உப்புப் பகுப்பாய்வுக்கு 8. நேரமோ குறைவு, பக்கத்தில் தரம்பார்த்தலும் (டைட்ரேஷன்) காத்திருக்கும். (பள்ளி நோட்டில் தொகுதி வரிசையில்தான் எழுதச் சொல்வார்கள், எழுதிக்கொள்ளட்டும். ஆனால் எந்தத் தொகுதியில் தேட வேண்டும் என்பதை முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டு எழுதுவது வேறு, கண்ணைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து தடவிக்கொண்டு போவது வேறு.)

பயிற்சிக்கு நான் அவனை நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினேன். படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி, நவச்சாரம், வெடியுப்பு. ஐந்தும் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட ஆகவில்லை. வேதியியல் பெயரில் சொன்னால் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட், காப்பர் சல்பேட், ஃபெர்ரஸ் சல்பேட், அம்மோனியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட். சோதனைகளை டியூஷன் சென்டர் வைத்திருக்கும் நண்பனின் சிறிய ஆய்வக அறையில் செய்தோம். வீட்டுச் சமையலறையில் செய்யாதீர்கள், மயில்துத்தமும் பேரியம் குளோரைடும் வயிற்றுக்குள் போனால் விஷம்.

முதல் பாடம் படிகாரத்தில் நடந்தது. கொஞ்சம் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு குழாயில் விரல் அகலம் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றச் சொன்னேன். ஊற்றினான், குழாயில் கால்வாசி, ஒரே மூச்சில். பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணும் வரல மாமா" என்றான். வந்தது, வந்த வேகத்தில் கரைந்தும் போய்விட்டது. அலுமினியம் ஹைட்ராக்சைடு மிகையான காரத்தில் கரையும். இரண்டாவது குழாயில் சொட்டுக்குழாயை வாங்கி நானே ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடத்தில் மட்டும் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒரு மங்கலான வெள்ளைக் கூழ். குழாயைத் தட்டியதும் பரவியது. இரண்டு, மூன்று சொட்டுகளில் குழாய் முழுக்கக் கூழ், சாய்த்தால்கூடச் சட்டென ஓடவில்லை. அப்புறம் சொட்டுகள் ஏற ஏற ஓரத்திலிருந்து தெளிந்து, கடைசியில் தண்ணீர் போல ஆகிவிட்டது. இந்த நாற்பது விநாடிக் காட்சியைத் தவறவிட்டால் படிகாரமும் வெடியுப்பும் உங்களுக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஒன்றும் வரல.

அதனால் நேரடி வழியின் முதல் விதி சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் தட்டிப் பார்த்து. இரண்டாவது, சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும் போதாது, அம்மோனியா கரைசலையும் ஜோடியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்றால் வெள்ளை வீழ்படிவுக்காரர்கள் ஒரு கூட்டம்: அலுமினியம், ஜிங்க், லெட், மெக்னீசியம், கால்சியம். சோடியம் ஹைட்ராக்சைடு மிகையில் கரைவது அலுமினியம், ஜிங்க், லெட். கரையாமல் நிற்பது மெக்னீசியமும் கால்சியமும். இப்போது அம்மோனியாவை எடுங்கள். ஜிங்க் முதலில் வெள்ளையாக வந்து மிகையில் கரைந்துவிடும். அலுமினியமும் லெட்டும் கரையாது. மெக்னீசியம் வெள்ளை தரும், கால்சியம் அம்மோனியாவில் வீழ்படியாது. இரண்டு பாட்டிலில் ஐந்து பேர் நான்காகப் பிரிந்துவிட்டார்கள். அலுமினியமும் லெட்டும் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்கப் பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு. லெட் என்றால் பளிச்சென்ற மஞ்சள், அதைத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் நிறமில்லாமல் கரைந்து, ஆறும்போது தங்கத் துகள்களாகத் திரும்ப இறங்கும். ஆய்வகத்தில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அலுமினியம் சும்மா இருக்கும்.

நிறமுள்ளவை சுலபம், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மயில்துத்தம் சோடியம் ஹைட்ராக்சைடில் நீலக் கூழ், சூடாக்கினால் கறுக்கும். அம்மோனியாவில் முதலில் வெளிர் நீலம், மிகையில் கரைந்து ராஜ நீலம். அன்னபேதி அழுக்குப் பச்சை, சிறிது நேரம் வைத்தால் மேற்பரப்பு பழுப்பாகும். ஃபெர்ரிக் உப்பு (ஃபெர்ரஸ் இரும்பு ஆக்சிஜனேற்றமானது) நேரடியாகச் செம்பழுப்பு. கடை அன்னபேதி பழசாக இருந்தால் பாதி ஏற்கெனவே ஃபெர்ரிக்காக மாறியிருக்கும், அதனால் மஞ்சள் படிந்த கட்டியை ஒதுக்கி, பச்சையாக உள்ள படிகத்தைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நவச்சாரத்தில் வீழ்படிவே வராது, லேசாகச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் நவச்சாரத்தைத் தூவும்போது வரும் புகையைப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி புதிதல்ல.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு, உதாரணமாகச் சிங்கப்பூரில் ஓ லெவல் எழுதுகிறவர்களுக்கு, நேரயனிக்கு அடிப்படையே இந்த ஜோடிதான். ஹைட்ரஜன் சல்பைடு பக்கமே போவதில்லை. அதைக் குறைந்த படிப்பு என்று நம் ஊர் ஆட்கள் சிலர் ஏளனமாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு சொட்டைக் கவனமாகப் பார்க்கிற பிள்ளை, நாற்பது படிகளை மனப்பாடமாகச் செய்கிற பிள்ளையைவிட நன்றாகவே வேதியியல் கற்கிறது.

இந்த வழியில் சறுக்கும் இடங்களும் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் பழசாக இருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கொஞ்சம் கார்பனேட்டாகியிருக்கும், அதனால் கால்சியத்தில் வரவேண்டியதைவிட அடர்த்தியாக வெள்ளை வரும். ஜிங்க்கில் அம்மோனியாவை வேகமாக விட்டால் முதல் வெள்ளையைப் பார்க்காமலே கடந்துவிடுவீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்த வழி படுத்துவிடும். காப்பரும் அலுமினியமும் சேர்ந்திருக்கும் கரைசலில் நீலம் எல்லாவற்றையும் மூடிவிடும், அதற்குள் வெள்ளைக் கூழ் இருக்கிறதா என்று யாரால் பார்க்க முடியும்?

தொகுதி பிரித்தல்

பெரியவளின் பிரச்சினை அதுதான். அவளுக்குத் தருவது கலவை: இரண்டு நேரயனி, இரண்டு எதிரயனி, அதிலும் ஒன்று குறுக்கிடும் எதிரயனி. அங்கே நேரடி வழி என்பது இருட்டில் கல்லெறிவது. அவளுக்கு நான் தயங்காமல் தொகுதி பிரித்தலைத்தான் சொன்னேன்.

வரிசை எல்லா நோட்டிலும் இருக்கிறது, முதல் தொகுதியிலிருந்து ஆறாம் தொகுதி வரை. குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லெட், சில்வர், மெர்குரஸ். அமில ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு விட்டால் காப்பர், காட்மியம், பிஸ்மத், ஆர்செனிக், ஆன்டிமனி, டின் வகையறா. அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்த்தால் இரும்பு, அலுமினியம், குரோமியம். அதே கார ஊடகத்தில் மறுபடி ஹைட்ரஜன் சல்பைடு, ஜிங்க், மாங்கனீஸ், கோபால்ட், நிக்கல். அம்மோனியம் கார்பனேட்டில் பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம். கடைசியில் மெக்னீசியம். இதை ஒப்பிக்கிற பிள்ளைகள் ஏராளம். ஏன் இப்படி என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

காரணம் இதுதான். காப்பர் சல்பைடின் கரைதிறன் பெருக்கம் (எண் சிறியது என்றால் குறைவாகக் கரையும், சீக்கிரம் விழும்) ஜிங்க் சல்பைடினுடையதைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் சிறியது. அதனால் கரைசலில் சல்பைடு அயனி அற்பமாக இருந்தாலே காப்பர் விழுந்துவிடும், ஜிங்க் விழ நிறைய வேண்டும். அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் சல்பைடு பிரிவது குறைந்து சல்பைடு அயனி அற்பமாகிறது, இரண்டாம் தொகுதி மட்டும் விழுகிறது. அம்மோனியா சேர்த்தால் சல்பைடு பெருகுகிறது, நான்காம் தொகுதி விழுகிறது. ஒரே வாயு, ஒரே கரைசல், அமிலமா காரமா என்ற ஒரு குழாயைத் திருகியதுதான் வித்தியாசம். இந்த அமில அளவு சுமார் 0.3 மோலாராக இருக்க வேண்டும். கூடினால் காட்மியமும் லெட்டும் விழாமல் தப்பிக்கும், குறைந்தால் ஜிங்க் முன்கூட்டியே விழுந்து இரண்டாம் தொகுதியில் தலையைக் காட்டும். தேர்வில் தொகுதி மாறிப்போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடை முதலில் போடச் சொல்வதும் அதே கணக்கு. பொது அயனி விளைவால் (ஏற்கெனவே உள்ள அம்மோனியம், அம்மோனியா பிரிவதைத் தடுக்கும்) ஹைட்ராக்சைடு குறைந்து, இரும்பும் அலுமினியமும் விழும், மெக்னீசியமும் மாங்கனீசும் விழாது. அதற்கு முன்னால் ஹைட்ரஜன் சல்பைடு போகும்வரை கொதிக்க வைத்து, அடர் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடச் சொல்வார்கள். அந்த வாயு ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸாக ஒடுக்கிவிட்டிருக்கும், ஃபெர்ரஸ் இங்கே முழுசாக விழாது, அதனால் திரும்ப ஃபெர்ரிக் ஆக்குகிறோம். இந்தப் படியைச் சோம்பலில் விட்டவர்கள் இரும்பை அடுத்த தொகுதியில் கறுப்பாகச் சந்தித்து, நிக்கலா கோபால்ட்டா என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இந்த வழியின் விலை என்ன? நேரம், பொறுமை, ஹைட்ரஜன் சல்பைடு. அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் உபகரணத்தின் பக்கத்தில் நின்று அழுகிய முட்டை நாற்றத்தில் படித்த தலைமுறை நாங்கள், அதைப் பெருமையாகவும் பேசுவோம். பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வாயு குறைந்த அளவில்தான் நாறும், பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான் ஆரம்பம். வாயுவை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட் வேலை செய்யாத ஆய்வகத்தில் கிப் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மாற்றாகத் தயோஅசெட்டமைடு கரைசல் இருக்கிறது. சில சொட்டு விட்டு நீர்த்தொட்டியில் சூடாக்கினால் கரைசலுக்குள்ளேயே மெதுவாக ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். அறை நாறாது, வீழ்படிவும் பருமனாக வந்து சென்ட்ரிஃபியூஜில் நன்றாக இறங்கும். ஆனால் அதுவும் சாதுவல்ல, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. கையுறை போட்டே தொட வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு தயோஅசெட்டமைடுக்கு, அதுவும் ஐம்பது மில்லிகிராம் அளவில் வேலை செய்யும் அரைநுண் முறையில்.

இந்த வழியில் தனி வகைத் தவறுகள் இருக்கின்றன. லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெட் குளோரைடு குளிர்ந்த நீரிலேயே லிட்டருக்கு 10 கிராம் அளவுக்குக் கரையும், அதனால் முதல் தொகுதியில் முழுசாக விழாமல் மிச்சம் இரண்டாம் தொகுதிக்குப் போய்க் கறுப்பாக விழும். அதைக் காப்பர் என்று நினைத்து மூன்றாவதாக ஒரு நேரயனியை எழுதிவிட்டு வருவார்கள். இரும்பு (ஃபெர்ரிக்) அல்லது நைட்ரேட் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு ஆக்சிஜனேற்றமாகி வெளிர் மஞ்சளாகக் கந்தகம் மட்டும் பால்போல் மிதக்கும். அதைக் காட்மியம் என்று எழுதிய விடைத்தாளை எத்தனை முறை திருத்தினேன் என்று கணக்கில்லை. காட்மியம் சல்பைடு அடியில் படியும், வடிதாளில் நிற்கும். கந்தகப் பால் வடிதாளையே ஏமாற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

குறுக்கிடும் எதிரயனி வேறு. ஆக்சலேட், ஃபுளூரைடு, போரேட், பாஸ்பேட் இருந்தால், மூன்றாம் தொகுதிக்காகக் கரைசலைக் காரமாக்கிய உடனே பேரியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அவற்றுடன் சேர்ந்து வெள்ளையாக விழுந்துவிடும், பார்க்க அலுமினியம் மாதிரியே இருக்கும். அவற்றை இரண்டாம் தொகுதி முடிந்ததும் நீக்கிவிட்டுத்தான் மூன்றாம் தொகுதிக்குப் போக வேண்டும். ஆக்சலேட் என்றால் அடர் நைட்ரிக் அமிலத்துடன் வற்றவைத்து, பாஸ்பேட் என்றால் ஜிர்கோனியம் உப்பால் வீழ்த்தி. நேரம் போவது முக்கால்வாசி இதில்தான்.

இன்னொன்று. அம்மோனியத்தை மூல உப்பில்தான் பார்க்க வேண்டும். தொகுதி பிரிப்பில் நாமே கைநிறைய அம்மோனியம் குளோரைடு கொட்டிவிட்டு, அப்புறம் அம்மோனியம் இருக்கிறதா என்று தேடினால் இருக்கத்தான் செய்யும்.

எதிரயனிக்கு: நேரடிக் கரைசலா, கார்பனேட் வடிநீரா?

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லியாக வேண்டும். நான் படித்த காலத்தில் ஒரு செய்முறைத் தேர்வில், உப்பை மிகையான சோடியம் கார்பனேட்டுடன் கொதிக்க வைத்து வடிகட்டி வடிநீர் தயார் செய்தேன். எல்லாம் சரி. பதற்றத்தில் அதை நைட்ரிக் அமிலத்தால் அமிலப்படுத்த மறந்து, நேராகச் சில்வர் நைட்ரேட் விட்டேன். வெளிர் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை வீழ்படிவு. புரோமைடு என்று சந்தோஷமாக எழுதிவிட்டேன். எனக்கு வந்தது சில்வர் கார்பனேட், நான் போட்ட கார்பனேட்டையே நான் கண்டுபிடித்திருக்கிறேன். உப்பு சல்பேட். இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டிருந்தால் பொங்கிக் கரைந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்படியென்றால் வடிநீர் வேண்டாம், உப்பின் நீர்க்கரைசலிலேயே நேராகப் பார்த்துவிடலாமே? நீரில் கரையும் ஒற்றை உப்பு, நேரயனி சோடியமோ அம்மோனியமோ மெக்னீசியமோ என்றால் தாராளமாகப் பார்க்கலாம், அதுதான் சீக்கிரம். ஆனால் நேரயனி குறுக்கே வரும் இடங்கள் உண்டு. சின்னவனுக்கு நான் வைத்த பொறி லெட் நைட்ரேட். நீரில் கரைத்துப் பேரியம் குளோரைடு விட்டான், அடர்த்தியாக வெள்ளை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டான், கரையவில்லை. "சல்பேட்!" என்றான். பாடப்புத்தகப்படி அவன் சொன்னது சரி, ஆனால் அது பேரியம் சல்பேட் இல்லை, லெட் குளோரைடு. குழாயைச் சூடாக்கச் சொன்னேன், கரைந்தது, ஆறியதும் ஊசி ஊசியாகப் படிகம் வந்தது. பேரியம் சல்பேட்டை எவ்வளவு சூடாக்கினாலும் அசையாது. லெட், சில்வர் இருக்கக்கூடும் என்று சந்தேகம் வந்தால் வடிநீரே நல்லது: கார்பனேட்டுடன் கொதிக்கும்போது அந்த நேரயனிகள் கார்பனேட்டாக வடிதாளில் தங்கிவிடும், எதிரயனி மட்டும் கீழே வரும்.

எந்த அமிலத்தால் அமிலப்படுத்துவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. சில்வர் நைட்ரேட் சோதனைக்கு நைட்ரிக் அமிலம்தான், ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நாமே குளோரைடு போட்டதாகிவிடும். பேரியம் குளோரைடு சோதனைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் நல்லது, நைட்ரிக் அமிலம் சல்ஃபைட்டை ஆக்சிஜனேற்றி சல்பேட்டாக்கிப் பொய்ச் சாட்சி சொல்ல வைக்கும்.

ஹாலைடு மூன்றையும் (குளோரைடு, புரோமைடு, அயோடைடு) நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் குளோரைடின் வெள்ளைக்கும் புரோமைடின் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்ப்பது புதுமணத் தம்பதியில் யார் கோபமாக இருக்கிறார்கள் என்று ஊகிப்பது மாதிரி. அம்மோனியா விடுங்கள். சில்வர் குளோரைடின் தயிர்த் திப்பி நீர்த்த அம்மோனியாவிலேயே கரையும், புரோமைடு அடர் அம்மோனியா கேட்கும், அயோடைடு எதற்கும் மசியாது. கரைதிறன் பெருக்கத்தைப் பார்த்தால் புரியும்: குளோரைடு 1.8 × 10⁻¹⁰, புரோமைடு 5 × 10⁻¹³ அளவில், அயோடைடு 10⁻¹⁶க்கும் கீழே. அப்படியும் சந்தேகம் என்றால் குளோரின் நீரும் ஒரு கரிமக் கரைப்பானும் விட்டுக் குலுக்குங்கள். கரைப்பான் அடுக்கு ஆரஞ்சு என்றால் புரோமைடு, ஊதா என்றால் அயோடைடு.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குழாய் நீரில் உப்பைக் கரைத்துச் சோதனை செய்தால் எல்லா உப்பிலும் குளோரைடு இருக்கும். எங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். மோர் மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சி வடித்த நீரிலும் அதே சோதனையை வெறுமனே ஒரு முறை செய்து, தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் உப்பை எடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சொட்டுச் சில்வர் நைட்ரேட், விலை அதிகம்தான், சிந்தினால் விரலும் இரண்டு நாளைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

யார் எதை எடுப்பது

ஒற்றை உப்பு, நீரில் கரையும், நேரம் குறைவு: நேரடி வழி, சோடியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் ஜோடியாக, அதன்பின் அந்த அயனிக்கு உரிய உறுதிச் சோதனை. நிக்கல் என்று தோன்றினால் டைமெத்தில் கிளையாக்சைம், 1905இல் சுகாயெவ் என்ற ரஷ்யர் கண்டுபிடித்துக் கொடுத்தது. ரோஜாச் சிவப்பு வந்தால் அதற்குமேல் வாதாட வேண்டியதில்லை. கலவை என்றால் தொகுதி பிரித்தல், குறுக்கு வழி தேடாதீர்கள். அப்போதும் முதல் ஐந்து நிமிஷம் நேரடிச் சோதனை செய்து பாருங்கள், எந்தத் தொகுதியில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு மோப்பம் கிடைக்கும். பெரியவள் இதைச் செய்வதில்லை, நோட்டில் இல்லாததை ஏன் செய்ய வேண்டும் என்கிறாள். அவள் அப்பா மாதிரி.

பள்ளி ஆசிரியர் ஒருவர் புதிதாக ஆய்வகம் போடுகிறார், காசு குறைவு என்றால், கிப் உபகரணத்துக்கு ஒதுக்கும் பணத்தை நல்ல சொட்டுக்குழாய்களுக்கும் காய்ச்சி வடித்த நீருக்கும் செலவழிக்கச் சொல்வேன். லெட், பேரியம், சில்வர் கழிவுகளுக்குத் தனித்தனியாக மூன்று கேன் வையுங்கள், தொட்டியில் கொட்ட விடாதீர்கள்.

வீழ்படிவால் முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் வெடியுப்பை வாங்கி வரச் சொன்னேன். சின்னவன் அதைக் கடைசியாக எடுத்தான். சோடியம் ஹைட்ராக்சைடு, தெளிவு. அம்மோனியா, தெளிவு. பேரியம் குளோரைடு, தெளிவு. சில்வர் நைட்ரேட்டில் மட்டும் லேசான மங்கல், கடைச் சரக்கில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பு கலந்திருக்கும். அரை மணி நேரம் குழாய்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நோட்டில் "அயனி இல்லை" என்று எழுதினான். நைட்ரேட்டுகள் எல்லாமே நீரில் கரைபவை, பொட்டாசியமும் சாதாரண வினைபொருள் எதிலும் விழாது. சோடியம் கோபால்டிநைட்ரைட்டில் மஞ்சளாக விழும் என்றாலும் அம்மோனியமும் அதேபோல் விழும். அதனால் பொட்டாசியத்தை நீலக் கண்ணாடி வழியாகச் சுடரில் பார்த்தோம், செவ்வூதா. நைட்ரேட்டுக்கு, அவன் ஒதுக்கி வைத்திருந்த அன்னபேதியின் பச்சைப் படிகத்தை அப்போதே புதிதாகக் கரைத்து, உப்புக் கரைசலுடன் கலந்து, குழாயைச் சாய்த்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக நானே இறக்கினேன். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் மெதுவாகத் தடித்தது. அவன் குழாய் நிறுத்தியோடு அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையிலிருந்த தன் அக்காவிடம் காட்டப் போனான், "அதுக்குள்ள அமிலம் இருக்குடா, மெதுவா" என்று நான் பின்னாலேயே போனேன்.